கேட்பதற்கு ஓர் ஆள்

ஸ்டான்லி அரசு மருத்துவமனையை வடசென்னையின் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782இல் பஞ்சம் பிழைக்க மதராசுக்குள் வந்து குவிந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கியது மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி 1799இல் ஒரு வைத்தியசாலை எழுந்தது. வைத்தியசாலை அரசின் கைக்குப் போய், 1930களில் கவர்னர் ஸ்டான்லியின் பெயரை வாங்கிக்கொண்டு, கல்லூரியும் ஆனது. சத்திரம் ஆதரவற்ற முதியவர்களின் இல்லமாகத் தங்கிவிட்டது. பசித்தவருக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் ஒரே வாசலில் கிடைத்த காலம் போய், ஒன்று அரசுக் காரியம், மற்றது தருமகாரியம் என்று பிரிந்துபோனதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பிரிந்தபின் இரண்டுக்கும் வாய்த்த விதி வேறு வேறு. அரசு மருத்துவமனையைச் சட்டமன்றத்தில் கேட்கலாம், தணிக்கைத் துறை கேட்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் எவரும் கேட்கலாம், பத்திரிகைக்காரர் வாசலிலேயே நிற்பார். தரும இல்லத்தைக் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கிறது. புண்ணியம் செய்கிறவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்ற தயக்கம் பொதுமக்களுக்கும் இருக்கிறது, அதிகாரிகளுக்கும் இருக்கிறது. இந்த இரண்டு வகை நிறுவனங்களையும் தமிழ்நாட்டில் யார் மேற்பார்க்கிறார்கள், அந்த மேற்பார்வை எங்கே பலிக்கிறது, எங்கே வெறும் காகிதமாக நிற்கிறது என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

பலித்த இடத்திலிருந்து தொடங்கலாம். 1990களின் தொடக்கம் வரை அரசு மருத்துவமனை மருந்து என்றால் ஜனங்களுக்கு இளக்காரம். கொள்முதலில் ஊழல், கிடங்கில் காலாவதியான சரக்கு, தேவைப்படும் மருந்து மட்டும் எப்போதும் இருப்பில் இல்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவு செய்யப்பட்டு, 1995 தொடக்கத்தில் வேலைக்கு இறங்கியது. அது செய்தவை எல்லாம் மிகச் சாதாரணமான காரியங்கள். அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரியது. மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு வைத்தது. வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தது யார் என்று தெரியாதபடி மறைத்து, சங்கேத எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியது. தேறிய பிறகுதான் பணம். தேறாவிட்டால் கறுப்புப் பட்டியல். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் கொடுப்பதுபோல ஒரு பாஸ்புக்; அதில் வரவு வைத்த தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம், எடுக்க எடுக்கக் கழியும். மாத்திரை அட்டையிலேயே தமிழக அரசின் முத்திரையை அச்சிட்டதால், திருடி வெளிக்கடையில் விற்பதும் கடினமாயிற்று. பின்னால் கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன.

இதில் கவனிக்க வேண்டியது, யாரையும் நல்லவராக இருக்கும்படி இந்த ஏற்பாடு கேட்டுக்கொள்ளவில்லை. கிடங்குக்காரர் கள்ளத்தனம் செய்தால் பாஸ்புக் காட்டிக்கொடுக்கும். கம்பெனி கலப்படம் செய்தால் அதன் பெயரை அறியாத ஆய்வகம் காட்டிக்கொடுக்கும். சரக்கை எண்ணிவிட முடியும் என்பதால் இது சாத்தியமானது.

சரக்கை எண்ணலாம், சாவை எண்ண முடியுமா? தமிழ்நாடு அதையும் செய்து பார்த்தது. பிரசவத்தின்போதோ அதையொட்டியோ ஒரு தாய் இறந்தால் அந்த மரணத்தை ஏன், எங்கே, எவ்வளவு தாமதத்தில் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் தாய்மார் இறப்புத் தணிக்கை 1990களிலேயே இங்கே தொடங்கிவிட்டது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம் நடக்கும். மருத்துவர்களும் செவிலியர்களும் மட்டுமல்ல, இறந்த பெண்ணின் வீட்டாரும் அழைக்கப்படுவார்கள். ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, ரத்தம் இல்லை என்று எங்கே சொன்னார்கள், டூட்டி டாக்டர் இருந்தாரா என்பதைக் கோப்பைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தானே. 2018-20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு இந்திய அளவில் 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54. தணிக்கை ஒன்றே இதைச் சாதித்தது என்று சொன்னால் இருபத்துநான்கு மணி நேரப் பிரசவ வசதியையும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களின் உழைப்பையும் மறந்ததாகிவிடும். ஆனால் ஒரு சாவும் பேசாமல் புதைபடாது என்ற பயம் மாவட்ட அளவில் எல்லோருக்கும் இருந்தது. அதற்குப் பலன் இருந்தது.

இந்த வெற்றிகளைச் சொல்லிவிட்டு மருத்துவமனை மேற்பார்வை சரியாக இருக்கிறது என்று நினைத்தால், 2018 டிசம்பர் விருதுநகர் மாவட்டச் செய்தி நினைவுக்கு வந்து தடுக்கிறது. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. பரிசோதிக்க விதி உண்டு, பதிவேடு உண்டு, கையெழுத்துப் போட ஆளும் உண்டு. ஆனால் தவறு வெளிப்பட்டது இவை எதனாலும் இல்லை. ரத்தம் கொடுத்த இளைஞர் வேறொரு காரணத்துக்காகச் செய்துகொண்ட சோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தானாகவே போய்ச் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால்? பதிவேட்டில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

அரசு மருத்துவமனையை மேற்பார்க்கும் அமைப்பிலேயே ஒரு கோணல் இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. இடையில் 21 ஆண்டுகள் அந்தச் சட்டம் புத்தகத்தில் படுத்திருந்தது. விதி வந்த பிறகு மாவட்டத்தில் பதிவும் ஆய்வும் நலப்பணிகள் இணை இயக்குநர் பொறுப்பில் வந்தன. அதே இணை இயக்குநர்தான் மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளை நடத்துகிறவரும். தனியார் நர்சிங் ஹோமில் குறை கண்டால் அவர் நோட்டீஸ் கொடுப்பார். தன் பொறுப்பிலுள்ள தாலுகா மருத்துவமனையில் அதே குறையைக் கண்டால் யாருக்குக் கொடுப்பார்? அவர் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. ஆள் பற்றாக்குறையும் கட்டடப் பழுதும் அவரே மேலிடத்துக்கு எழுதிக் கிடைக்காமல் போனவை. அவற்றை அவரே குறையாக எழுதினால் தன் மேலேயே எழுதிக்கொண்டது போலாகும். நடத்துகிறவரும் சோதிக்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது கணக்குப்பிள்ளைக்கும் தெரிந்த பழைய பாடம்.

வெளியிலிருந்து வரும் சோதனையோ வேறு திசையில் பார்க்கிறது. 2023 மே மாதம் தேசிய மருத்துவ ஆணையம் ஸ்டான்லி, திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிகளின் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தது. பிறகு திரும்பக் கொடுத்தது. அப்போது எழுந்த பேச்சு முழுவதும் கைரேகை வருகைப்பதிவும் கண்காணிப்புக் கேமராவும் பற்றியது. பேராசிரியர் வந்தாரா என்பது முக்கியம்தான். ஆய்வு நாளில் மட்டும் வேறு ஊர் மருத்துவர்களைக் கொண்டுவந்து நிறுத்திய காலங்களும் உண்டு. ஆனால் வார்டில் படுத்திருப்பவருக்கு இரவில் தண்ணீர் கொடுக்க ஆள் இருந்ததா என்பதைக் கைரேகை இயந்திரம் சொல்லாது. தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் வந்த பிறகு மருத்துவமனைதோறும் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று அமைக்கப்பட்டது. உள்ளூர்ப் பிரமுகர்கள், அதிகாரிகள் கூடி, கையில் இருக்கும் சிறு நிதியை எதற்குச் செலவிடலாம் என்று முடிவெடுப்பார்கள். பல இடங்களில் அதன் வேலை ஆர்.ஓ. இயந்திரமும் நாற்காலியும் வாங்குவதோடு நின்றுவிடுகிறது. நோயாளி அதில் பெயரில் மட்டும் இருக்கிறார்.

அப்படியானால் அரசு மருத்துவமனையின் உண்மையான மேற்பார்வையாளர் யார்? கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவுக்காரர்தான். சலைன் தீர்ந்துவிட்டது என்று நர்சைக் கூப்பிடுவது அவர். எக்ஸ்ரே எடுக்க ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ரத்தத்துக்கு ஆள் பிடிப்பது, வார்டு பாய் கையில் எதையாவது திணிப்பது, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நேற்று ராத்திரி வாந்தி எடுத்தார் சார் என்று ஞாபகப்படுத்துவது எல்லாம் அவரே. தாதியர் போதாத வார்டுகளில் சிகிச்சையின் ஒரு பகுதியையே அவர் சுமக்கிறார். பாஸ் இல்லை என்று காவலாளி அவரைத்தான் விரட்டுகிறார் என்பது வேறு விஷயம். கூட ஆள் இல்லாமல் போலீஸ் கொண்டுவந்து சேர்க்கும் நோயாளியின் கதி என்ன என்பதை எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பார்க்கலாம். அவர் பிழைத்து எழுந்தால், அனுப்ப வீடு இல்லை. அங்கேதான் தரும இல்லங்கள் கதைக்குள் வருகின்றன.

அந்த இல்லங்களுக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குழந்தைகள் என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளும் இல்லங்களும் என்றால் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். மாற்றுத்திறனாளிகள் என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டம். மனநோயாளிகள் என்றால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மூத்த குடிமக்கள் என்றால் 2007ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி, ஆதரவற்ற முதியோருக்கு அரசு இல்லம் அமைக்கலாம் என்று அது சொல்கிறது. அமைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆதலால் தனியார் தருமத்தை நம்பியே காலம் ஓடுகிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு துறை, ஒரு பதிவேடு. எழுபது வயதில் காது கேளாமல், ஞாபகம் தப்பி, பேருந்து நிலையத்தில் கிடந்த ஒரு மூதாட்டி எந்தத் துறையைச் சேர்ந்தவர்? சமூக நலத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, மாநில மனநல ஆணையம் மூன்றும் அவருக்கு உரியவை. ஆகவே மூன்றும் அவருக்கு இல்லை. இல்ல நிர்வாகியோ தனக்கு எது சுலபமோ அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளலாம்.

பணத்தின் பக்கமும் அப்படியே. அறக்கட்டளைப் பத்திரத்தை யாரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். நன்கொடைக்கு வரிவிலக்கு வாங்கினால் வருமான வரித் துறை கணக்குப் பார்க்கும்; வெளிநாட்டுப் பணம் வந்தால் மத்திய உள்துறை பார்க்கும். ரூபாய் எங்கே போனது என்று பார்ப்பார்களே தவிர, அந்த ரூபாயில் சோறு தின்றவர் எப்படி இருக்கிறார் என்று அவர்கள் கேட்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் அறநிலை ஆணையர் என்று ஒருவர் இருக்கிறார். தரும மருத்துவமனைகள் ஏழைகளுக்குப் படுக்கை ஒதுக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அந்தச் சட்டத்தில் உண்டு. தமிழ்நாட்டில் கோயில் சொத்துக்கு அறநிலையத் துறை இருக்கிறது. பொதுவான அறக்கட்டளைகளுக்கு அப்படியோர் ஆணையர் இல்லை. கோயில் உண்டியலைக் கேட்க ஆள் வைத்த மாநிலம், முதியோர் இல்லத்தின் உண்டியலைக் கேட்க வைக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக்கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மாண்டவர்கள் 28 பேர். உரிமம் வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏர்வாடி தர்காவைச் சுற்றி இப்படிக் காப்பகங்கள் இருந்தது ஊருக்கும் தெரியும், மாவட்டத்துக்கும் தெரியும். தீக்குப் பிறகு சில நாட்களில் அத்தனையும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஒரு கருணை இல்லம். காய்கறியோடு ஒரு பிணத்தையும் ஏற்றிப்போன வண்டிக்குள்ளிருந்து ஒரு மூதாட்டி கூச்சலிட, ரோட்டில் போனவர்கள் வண்டியை மறித்தார்கள். அதிகாரிகள் உள்ளே போனபோது இல்லத்தின் உரிமம் காலாவதியாகியிருந்தது. இறந்தவர்களை வளாகத்திலேயே அடுக்குக் கல்லறைகளில் வைத்துவந்ததும் பேச்சாயிற்று. குற்றச்சாட்டுகளை நிர்வாகம் மறுத்தது. தங்கியிருந்தவர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 2021 ஜூனில் மதுரையில் ஓர் அறக்கட்டளைக் காப்பகத்தில் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டி, அதை விற்றது வெளிப்பட்டது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் பெறாத ஆசிரமம் ஒன்றிலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் போனது.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எப்படி வெளிவந்தன? ஒன்று தீயால். ஒன்று வழிப்போக்கர் காதில் விழுந்த கூச்சலால். மதுரையில், சேர்த்துவிட்டவர் குழந்தையைப் பற்றி விசாரித்ததால். குண்டலப்புலியூரில், சேர்த்த பெரியவரைத் தேடிப் போனவர்களுக்கு அவர் இருக்கும் இடம் தெரியாமல், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டதால். ஆய்வுக்கு வந்த அதிகாரி கண்டுபிடித்து எழுதியது என்று ஒன்றுகூட இல்லை. உரிமம் இல்லாததுதான் குற்றம் என்று ஒவ்வொரு முறையும் தலைப்புச் செய்தி வருகிறது. உரிமம் கொடுத்துவிட்டால் மேற்பார்த்ததாக ஆகிவிடும் என்று நாமும் நம்பிக்கொள்கிறோம். கேட்க ஒருவராவது இருந்த ஆளால்தான் கேட்க யாருமே இல்லாத நூறு பேரின் நிலை தெரியவந்தது.

உரிமம் இல்லாத இல்லங்கள் ஏன் தழைக்கின்றன என்பதற்குக் கையூட்டை மட்டும் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸ் எங்கே கொண்டு விடும்? அரசு மருத்துவமனை, உறவு வராத நோயாளியை எங்கே அனுப்பும்? இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் வண்டி அனுப்பி அழைத்துப்போக ஓர் இல்லக்காரர் இருக்கிறார் என்றால், அவரிடம் உரிமத்தைக் கேட்பது யாருக்கும் வசதியில்லை. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது. குணமான பிறகும் வீட்டார் கூட்டிப்போக வராதவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கியிருக்கிறார்கள். மூட உத்தரவு போடும் தாசில்தாருக்கு மறுநாள் காலை இருநூறு பேருக்கு இடம் தேடும் வேலை காத்திருக்கிறது. அவர் மூட மாட்டார். ஒரு விபத்து வந்து அவரைக் கட்டாயப்படுத்தும் வரை நோட்டீஸ் மட்டும் போகும்.

இதற்கு மாற்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு தெருவில் கிடந்த மனநோயுற்ற பெண்களை மீட்டு, குணமாக்கி, ஊர் தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2018 முதல் அரசு, மாவட்ட மருத்துவமனைகளை ஒட்டியே அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை அமைத்து, தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்துகிறது. சிகிச்சையும் காப்பகமும் மறுபடி ஒரே வளாகத்துக்குள் வந்ததில் லாபம் உண்டு: டாக்டர் தினம் வருகிறார், மருந்து பாஸ்புக்கில் கழிகிறது, இறந்தால் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறுகிறது. எண்ணிக்கையில் அவை தேவைக்கு முன்னால் மிகச் சொற்பம்.

வெளியாட்கள் இல்லங்களுக்குள் போவதே இல்லையா என்றால், போகிறார்கள், தினந்தோறும் போகிறார்கள். பிறந்தநாள், திருமண நாள், அப்பாவின் திதி என்று ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டாத குடும்பம் நகரங்களில் குறைவு. பன்னிரண்டரைக்கு வந்து, வடை பாயசத்தோடு பரிமாறி, போட்டோ எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குக் காட்டப்படுவது சாப்பாட்டுக் கூடம். கழிவறையை, இரவு பூட்டப்படும் அறையை, மாத்திரை டப்பாவை அவர்கள் கேட்பதும் இல்லை, கேட்டால் மரியாதையும் இல்லை. இவ்வளவு கண்கள் உள்ளே போயும் ஒன்றும் பார்க்காமல் திரும்புவது வேறெந்த நாட்டிலும் உண்டா தெரியாது.

பார்ப்பதையே கடமையாகக் கொண்டவர்கள் ஒரு காலத்தில் சட்டத்தில் இருந்தார்கள். 1912ஆம் ஆண்டு இந்தியப் பைத்தியக்காரர் சட்டம், பெயர் எவ்வளவு கர்ணகடூரமோ அவ்வளவு கறாரான ஓர் ஏற்பாட்டை வைத்திருந்தது. ஒவ்வொரு காப்பகத்துக்கும் குறைந்தது மூன்று பார்வையாளர்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர். இருவருக்குக் குறையாமல் மாதம் ஒருமுறையாவது சேர்ந்து போய், கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியையும், கூடியமட்டும் ஒவ்வொரு ஆளையும் நேரில் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையாளர்களை ஐந்தாக்கி, மாதாந்தர வருகையைக் காப்பாற்றியது. அடைத்துவைப்பதே நோக்கமாயிருந்த காலனியச் சட்டத்தை நான் போற்றவில்லை. பல இடங்களில் அந்த வருகை சம்பிரதாயமாகத் தேய்ந்தும் போனது. ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையாளர்களையே எடுத்துவிட்டது. சங்கிலியிடுவதைத் தடைசெய்து, நோயாளிக்கு உரிமைகளை வரிசையாகக் கொடுத்து, மாவட்ட நீதிபதி தகுதியுள்ளவர் தலைமையில் மறுஆய்வு வாரியங்களையும் அமைத்த நல்ல சட்டம்தான் அது. வாரியத்தில் மனநோய் கண்டவர்களோ அவர்களைப் பராமரித்தவர்களோ உட்கார இடமும் உண்டு. ஆயினும் பதிவு பெற்ற நிறுவனங்களைத் தணிக்கை செய்வது மூன்றாண்டுக்கு ஒருமுறை. இடையில் ஆய்வு வேண்டுமென்றால் ஆணையம் தானாக முன்வர வேண்டும், அல்லது புகார் வர வேண்டும், அல்லது உரிமை மீறல் கவனத்துக்கு வர வேண்டும். சேலையைச் சரியாக உடுத்தத் தெரியாத நிலையில் இருப்பவர் புகார் எழுதுவார் என்று எதிர்பார்க்கும் சட்டம் அவருக்குச் சட்டமாகாது. மாதம் ஒருமுறை என்பது மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆனதைப் பற்றி அப்போது பெரிய விவாதம் எதுவும் என் கண்ணில் படவில்லை. முதியோர் இல்லங்களுக்கு இந்த அளவுகூட இல்லை. அங்கே நேரும் சாவுகளுக்குத் தாய்மார் தணிக்கை போன்ற ஒன்றும் இல்லை.

பணக்கார நாடுகளில் இதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனை 2008இல் சிறந்த நிர்வாகத்துக்கான தன்னாட்சித் தகுதி பெற்றது. அதே ஆண்டுகளில் அதன் வார்டுகளில் நோயாளிகள் பூஞ்சாடித் தண்ணீரைக் குடிக்கும் நிலையில் விடப்பட்டதாக உறவினர்கள் குமுறிக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்களின் வீட்டார் ஒன்றுசேர்ந்து விடாமல் கத்தியதால் விசாரணை வந்தது. 2013இல் பிரான்சிஸ் அறிக்கை 290 பரிந்துரைகளோடு வெளியானது. இலக்குகளையும் பட்ஜெட்டையும் பார்த்த கண்களுக்கு வார்டு தெரியவில்லை என்பதுதான் அதன் சாரம்.

ஆகவே இன்னொரு உரிமம், இன்னொரு இணையதளப் பதிவு என்று போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தப் பலகை மாட்டியிருந்தாலும், ஐந்து பேருக்கு மேல் தங்கும் எல்லா இல்லங்களுக்கும் மாவட்டத்தில் ஒரே பதிவேடு போதும். அதில் தங்கியிருப்பவர் பெயரும், சேர்த்தவர் பெயரும், இறந்தால் காரணமும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, சொல்லாமல், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் போகும் இரண்டு மூன்று பார்வையாளர்கள் வேண்டும். யாரைப் போடுவது என்பதில்தான் இது சரியும். நோயாளர் நலச் சங்கங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தோம். ஆளுங்கட்சி வட்டச் செயலாளரும் அரிமா சங்கத் தலைவரும் பெயர் சேர்த்துக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற அரசுச் செவிலியர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். படுக்கைப்புண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை நாள் கவனிக்கப்படாதது என்று சொல்லிவிடுவார்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். மாவட்ட நீதிபதிக்கு நேரே எழுதலாம், நடத்துகிற துறைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். முன்பு அப்படியோர் இல்லத்தில் இருந்து வெளியே வந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டால், எந்தக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர்கள் எழுதும் அறிக்கையின் பேரில் ஓர் இல்லத்தை மூட வேண்டி வந்தால் அங்கிருப்பவர்களை அன்றிரவே ஏற்க, மாவட்டத்தில் அரசின் படுக்கைகள் காலியாக வைக்கப்பட்டிருக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் கட்டிலுக்குச் செலவு செய்வதைத் தணிக்கைத் துறை வீண் என்று எழுதும். நிதித் துறையும் அதையேதான் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 150 இடங்களை மாவட்டந்தோறும் கட்டாயமாக்கிக் கேட்டு வாங்க வேண்டியது சமூக நலத் துறை.